ஆடி மாதத்தில் மிக்-21-க்கு வண்ணம் அடித்தால்

ராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1/72 அளவில் மிக்-21 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் ஒட்டி முடித்திருக்கிறார். ஏர்பிரஷ் (காற்றால் வண்ணம் தெளிக்கிற சின்னக் கருவி), 3 லிட்டர் டாங்க் வைத்த சின்ன கம்ப்ரஸர், டாமியா அக்ரிலிக் வண்ணங்கள் எல்லாம் வாங்கியாயிற்று. நாகர்கோவிலில் வேலை முடிந்து வந்து, ராத்திரி 9 மணிக்கு மேல் மொட்டைமாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே வைத்து அடிக்கிறார். சாம்பல் நிறம் மணல் தூவியது போலச் சொரசொரப்பாக விழுகிறது. அதன்மேல் ஸ்பிரே கேனில் லாக்கர் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடித்தால் இறக்கை முழுக்க வெள்ளை படர்கிறது. "35 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தண்ணீர் கலந்து அடிக்கிறேன். கம்ப்ரஸர் மட்டம்னு நினைக்கிறேன். பெரிசா ஒண்ணு வாங்கட்டுமா?" என்பது கேள்வி.

வாங்க வேண்டாம் தம்பி. கம்ப்ரஸர் பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. நீங்கள் அடிக்கிற நேரமும் இடமும்தான் தப்பு. கையில் இரண்டு மூன்று சின்னத் திருத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

நான் தக்கலை பக்கம் வண்டிப் பெயிண்ட் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்பிரே கன் பிடித்தவன். மாடல் விமானம் ஞாயிற்றுக்கிழமை வேலை. பட்டறையில் கற்றதில் பாதி இதற்கு உதவும். மீதியை மறந்தால்தான் மாடல் உருப்படும். அதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த வெள்ளை. பட்டறையில் நாங்கள் "பூத்துப் போச்சு" என்போம். லாக்கரில் இருக்கிற கரைப்பான் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கையில் தின்னர் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதேதான். அந்த ஜில்லிப்பு இறக்கையின் மேல்பரப்பிலும் நடக்கிறது. பரப்பின் சூடு காற்றின் பனிநிலைக்குக் கீழே இறங்கிவிட்டால், காற்றில் உள்ள ஈரம் அந்த ஈரப் பெயிண்டின் மேலேயே பனியாக இறங்கும். லாக்கருக்குள் சிக்கிய அந்த நுண்ணிய நீர்த்துளிகள்தான் உங்கள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

இதை நம்ம ஊர்க் கணக்கில் பாருங்கள். ஆடி மாதம், சாரல் விட்டுவிட்டுத் தூறுகிற ஒரு ராத்திரி. காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பனிநிலை 25 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். அதாவது உங்கள் இறக்கை வெறும் 2 டிகிரி குளிர்ந்தால் போதும், பூத்துவிடும். லாக்கர் அடித்தால் 2 டிகிரி குளிராமல் எப்படி இருக்கும்? அதே ஊரில் வெயில் அடிக்கிற ஒரு நாள், மதியம் 2 மணி. 32 டிகிரி, 60 சதவீதம். பனிநிலை 23 டிகிரி அளவில் இருக்கும். இப்போது 9 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. அதே கேன், அதே கை, அதே மாடல். ஒன்றும் ஆகாது.

காற்றில் ஈரப்பதம் பொதுவாக விடியற்காலையில் உச்சம், மதியத்துக்குப் பின் குறைவு. ராத்திரி ஏற ஆரம்பித்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ராத்திரிதான் மாடலை எடுப்பார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். ராத்திரியில் ஒட்டுங்கள், தேயுங்கள், மாஸ்கிங் டேப் வெட்டுங்கள். கிளியரும் லாக்கரும் ஞாயிறு மதியத்துக்கு.

நமக்கு இன்னொரு வம்பு உண்டு. மற்ற பல மாவட்டக்காரர்களுக்கு முக்கியமாக ஒரு மழைக்காலம் என்றால் குமரிக்காரர்களான நமக்கு இரண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்கு ஒரு பக்கம், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு ஒரு பக்கம். கடற்கரையிலோ மழை இல்லாத நாளிலும் ஈரம் குறையாது. எனக்குத் தை, மாசிதான் கிளியர் அடிக்கிற மாதங்கள். மூன்று நான்கு மாடல்களை நிறம் அடித்துத் தயாராக வைத்திருந்து, பொங்கல் கழிந்ததும் மொத்தமாகக் கிளியர் அடிப்பேன். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கம்ப்ரஸருக்குப் போட இருந்த பணத்தில் அதை வாங்குங்கள். 70-க்குக் கீழே தைரியமாக அடிக்கலாம். 70-க்கும் 80-க்கும் நடுவில் யோசித்து அடிக்க வேண்டும். 80 தாண்டினால் நான் கேனைத் தொடமாட்டேன். இது என் பட்டறை அனுபவத்தில் வைத்த கோடு.

அவசரம் என்றால் இரண்டு வழி. ஒன்று, மாடலைச் சற்று வெதுவெதுப்பாக வைப்பது. காற்றைவிடச் சூடான பரப்பில் பனி இறங்காது. ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் பழைய இழை பல்பு (எல்.இ.டி. அல்ல, அது போதிய சூடு தராது) ஒன்றைப் பொருத்தி, மாடலைப் பல்பிலிருந்து தள்ளி அரைமணி நேரம் வைத்து எடுத்து அடியுங்கள், அடித்ததும் மறுபடி உள்ளே வையுங்கள். ரப்பர் ஷீட்டைப் புகைப்புரையில் வாட்டுகிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அத்தனை சூடு கூடாது. கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும். மாடல் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் சூட்டில் வளைந்தால் இறக்கை நேராக வராது. இன்னொரு வழி, மெதுவாக ஆவியாகிற தின்னர். பட்டறையில் மழைக்காலத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கு, காய்வதைத் தாமதப்படுத்துகிற ரிடார்டர் கலப்போம். மாடல்காரர்களுக்கு 'மிஸ்டர் லெவலிங் தின்னர்' என்று விற்கிற தின்னர் அந்த வேலையைச் செய்கிறது. ஸ்பிரே கேனுக்குள் எதையும் கலக்க முடியாது என்பதால், மழைக்காலத்தில் கிளியரைக் குப்பியில் வாங்கி ஏர்பிரஷ்ஷிலேயே அடிப்பது நல்லது.

ஏ.சி. அறை இருப்பவர்கள் "உள்ளே ஈரம் குறைவுதானே" என்று அங்கே வைத்து அடிப்பார்கள். சரிதான். ஆனால் நாற்றம் தாங்காமல் மாடலை எடுத்து வராந்தாவில் வைப்பார்கள். ஏ.சி. காரிலிருந்து இறங்கினதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அது இறக்கைக்கும் நடக்கும். காய்கிற வரை மாடல் அந்த அறையைவிட்டு வெளியே வரக்கூடாது.

எனக்கும் நடந்திருக்கிறது. முதல் வருஷம் ஒரு நாட் விமானம், வெள்ளி நிறத்தில். பட்டறையில் மழைக்கு ரிடார்டர் ஊற்றச் சொல்லிப் பையன்களைத் திட்டுகிறவன், வீட்டில் அதே ஆடியில் சாயங்காலம் 7 மணிக்குக் கிளியர் அடித்தேன். காலையில் பார்த்தால் நாட் தலையிலிருந்து வால்வரை கஞ்சி ஆடை போர்த்திக்கொண்டு நிற்கிறது. அந்தப் பெட்டியிலேயே இன்னொரு பாடமும் இருந்தது. நம்ம விமானப்படையில் சண்டைக்குப் போனது ஒற்றை இருக்கை நாட். கடையில் எளிதில் கிடைக்கிற ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் இருப்பது பயிற்சிக்கான இரட்டை இருக்கை. படத்தை மட்டும் பார்த்து வாங்கி, ஒட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கம்ப்ரஸரை ஏன் குற்றம் சொல்லவில்லை என்றால், அதில் டாங்க் இருக்கிறது. டாங்க் 60 பி.எஸ்.ஐ. வரை நிரம்புகிறது என்றால், வெளிக்காற்றை ஏறக்குறைய 5-ல் 1 பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது என்று பொருள். காற்றோடு ஈரமும் அமுங்கும். ஆனால் அவ்வளவு ஈரத்தை அந்த இடம் ஆவியாகத் தாங்காது. டாங்க் ஆறியதும் மிச்சம் தண்ணீராகக் கீழே இறங்கிவிடும். வெளியே 80 சதவீத ஈரம் இருந்தால் அதில் முக்கால் பங்கு டாங்கின் அடியிலேயே தங்கிவிடும். ஏர்பிரஷ்ஷுக்கு வருகிற காற்று உங்கள் மாடிக் காற்றைவிட உலர்ந்தது! பிரச்சினை டாங்க் இல்லாத குட்டி கம்ப்ரஸர்களில்தான். அங்கே சூடான ஈரக் காற்று நேராக டியூபுக்குள் போய், வழியில் ஆறி, திடீரென்று ஒரு சொட்டுத் தண்ணீரைப் பெயிண்டோடு துப்பும். அப்படித் துப்பினால் மேற்பரப்பில் வட்ட வட்டமாகப் புள்ளி விழும். உங்களுக்கு அது இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் டாங்க் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது. கடற்கரைக் காற்றில் வடிக்காமல் விட்டால் உள்ளிருந்தே துரு பிடிக்கும். ஐப்பசியில் திறந்து பாருங்கள், எவ்வளவு வருகிறது என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இனி அந்த மணல். கேட்பவர்கள் எல்லாரும் இங்கேதான் குழம்புவார்கள்: ஊரே இவ்வளவு ஈரமாக இருக்கிறது, பெயிண்ட் எப்படிச் சீக்கிரம் காய்கிறது என்று. ஈரக் காற்றில் தாமதமாகக் காய்வது தண்ணீர். துணி காயாது, வாயெஹோ போன்ற நீர்வழி வண்ணமும் மெதுவாகத்தான் காயும். டாமியாவின் அக்ரிலிக்கில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால் வகைக் கரைப்பான். காற்றில் தண்ணீர் நிறைய இருப்பதால் ஆல்கஹாலுக்கு இடமில்லாமல் போகாது. அது தன் பாட்டுக்குப் பறந்துவிடும். 35 பி.எஸ்.ஐ.-யில் தூளாகச் சிதறிய துளி, ஒரு சாண் தூரம் பறந்து வருவதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது. காய்ந்த துளி ஒட்டிக்கொள்ளும், ஆனால் பரவாது. அதுதான் சொரசொரப்பு. போதாததற்கு மொட்டைமாடி. ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றவைக்கிற அதே காற்றுதான் உங்கள் தகரக் கொட்டகைக்குக் கீழேயும் வீசுகிறது. அது துளியை உலர்த்தும், திசை மாற்றும், தென்னை ஓலைத் தூசியையும் சேர்த்துக் கொண்டுவந்து ஒட்டும். மாடியிலிருந்து இறங்கிவிடுங்கள்.

15-லிருந்து 20 பி.எஸ்.ஐ. போதும். காற்று ஓடும்போது, அதாவது விசையை அழுத்திக்கொண்டே, ரெகுலேட்டர் முள்ளைப் பாருங்கள். அழுத்தாமல் பார்த்தால் அது அதிகமாகக் காட்டும். தூரம் நாலு விரல் அகலம், 7-8 செ.மீ. தண்ணீரை விடுங்கள். டாமியா அதில் கலந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் பிளாஸ்டிக்கில் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். அவர்களுடைய எக்ஸ்-20ஏ தின்னர், அல்லது மேலே சொன்ன லெவலிங் தின்னர். வண்ணம் ஒரு பங்குக்குத் தின்னர் ஒரு பங்கில் ஆரம்பித்து, ஒன்றரை வரை போகலாம். அளவைவிடக் கண்தான் முக்கியம். கோப்பையைச் சாய்த்து நிமிர்த்திப் பாருங்கள். டம்ளரில் நீர்மோர் குடித்து வைத்தால் உட்சுவரில் மெல்லியதாக ஒரு படலம் இறங்கி, பின்னால் சுவர் தெரியுமே, அப்படி இறங்க வேண்டும். தயிர் மாதிரி பிடித்துக்கொண்டால் கெட்டி. தண்ணீர் மாதிரி சட்டென்று ஓடினால் நீர்த்துவிட்டது, அடித்தால் சிலந்திக்கால் போலக் கிளை பிரிந்து ஓடும். ஒரு எச்சரிக்கை: லெவலிங் தின்னரை நீர்வழி வண்ணத்தில் கலந்தால் கோப்பைக்குள்ளேயே கூழாகிவிடும்.

முதலில் மாடலில் அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு கட்டு வாங்குங்கள். அதன் முதுகு விமான உடம்பு மாதிரியே வளைந்திருக்கும். அடிக்கிற அந்த நொடியில் பரப்பு ஈரமாக மின்ன வேண்டும், ஆனால் ஓடக்கூடாது. அந்த மினுமினுப்பை விளக்கைச் சரித்து வைத்துப் பார்த்துப் பழகுவதுதான் இந்தக் கலையில் பாதி. நான் இன்றைக்கும் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு ஸ்பூன் செலவழிக்கிறேன்.

பட்டறைக்காரன் மறக்க வேண்டியது என்றேனே, அது கனம். கார் கதவில் "ரெண்டு கோட் நல்லா ஏத்து" என்போம். இங்கே அது கொலை. 1/72 என்றால் 6 அடி ஆள் 1 அங்குலம் ஆகிவிடுகிறான். மிக்-21-ன் 7.15 மீட்டர் இறக்கை வீச்சு 10 செ.மீ.-க்குச் சற்றுக் குறைவு. 0.1 மில்லிமீட்டர் பெயிண்ட் ஏற்றினால், நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல் கனத்தில் பூசியதற்குச் சமம். தகடுகள் சேருகிற இடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் மூடிப்போகும். அதனால் முதல் தடவை அடியில் உள்ள பிளாஸ்டிக் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்று நான்கு மெல்லிய படலத்தில் நிறம் நிரம்பினால் போதும். ஒரே தடவையில் மூட ஆசைப்படுகிற கை, கார் கதவுக்குத்தான் லாயக்கு.

பட்டறைத் தின்னர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லாரும் கேட்பார்கள். என்.சி. தின்னர் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும், பரப்பு நுண்ணிய வெடிப்பாக மாறும். ஏர்பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஊறப்போடாதீர்கள், உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிவிடும். நாசிலைக் கழற்றினால் விரலால் மாட்டுகிற அளவுக்கே இறுக்குங்கள். 0.3 மில்லிமீட்டர் துளை உள்ள அந்தக் குருவி மூக்கு, கூடுதலாக ஒரு அரைச்சுற்று தாங்காமல் பிளந்துவிடும்.

புகையை இலேசாக எடுக்காதீர்கள். துணி முகமூடியும் என்-95-உம் தூசியைத்தான் பிடிக்கும், கரைப்பான் ஆவியைப் பிடிக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டுகிற முகமூடி வேண்டும். மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் அடிக்கப் போகிறீர்கள் என்பதால் இது இன்னும் அவசியம். ஜன்னல் ஓரம் ஒரு அட்டைப்பெட்டி, பின்னால் வெளியே தள்ளுகிற விசிறி, இது போதும். அந்த அறையில் எரிகிற அடுப்போ, சாமி விளக்கோ, ஊதுபத்தியோ இருக்கக்கூடாது. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் லாக்கரை விட்டுவிட்டு நீர்வழி வண்ணத்துக்கு மாறிவிடுங்கள், மாடல் எங்கேயும் ஓடிப்போகாது.

உங்கள் மிக்-21 எந்தக் காலத்தது என்று சொல்லவில்லை. சாம்பல் என்கிறீர்கள், அப்படியானால் பைசன் என்கிற பிற்கால மேம்பட்ட வகையாக இருக்கும். மிக்-21 என்பது 1963-ல் நம் விமானப்படையில் சேர்ந்து 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்ற விமானம். நம் ஊர்களில் இப்போது பலர் அதைத் தேடி ஒட்டுவதற்கு அதுவே காரணம். பழைய எஃப்.எல். வகையை வெள்ளி உலோக நிறத்தில் செய்ய ஆசை வந்தால், அதற்கு முன் பத்து ஸ்பூனாவது அடித்துப் பழகுங்கள். உலோக வண்ணத்துக்கு அடியில் பளபளக்கிற கருப்பு வேண்டும், அந்தக் கருப்பில் ஒரு தூசி இருந்தாலும் மேலே பத்தாகத் தெரியும். எந்த வகையானாலும் நம் விமானப்படையின் வட்டச் சின்னத்தில் காவி வெளியே, பச்சை நடுவே. டீகாலை, அதாவது சின்னமும் எண்ணும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படத்தை, மங்கல் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். முதலில் பளபளப்புக் கிளியர், அதன்மேல் டீகால், காய்ந்தபின் மங்கல் கிளியர் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

இப்போது கையில் இருக்கிற இறக்கை. தூக்கிப் போடாதீர்கள். வெயில் வருகிற ஒரு மதியம், மீட்டர் 70-க்குக் கீழே காட்டும்போது, லெவலிங் தின்னரை மட்டும் தனியாகக் கோப்பையில் ஊற்றி, வெள்ளை படர்ந்த இடத்தில் பனி மாதிரி மெல்ல ஒரு தடவை அடியுங்கள். லாக்கர் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, கண்முன்னே தெளியும். ஒரேயடியாக நனைத்தால் அடியில் உள்ள சாம்பலும் கலங்கிவிடும், ஆகவே காயவிட்டு இரண்டாவது தடவை. வெள்ளை போனாலும் அந்த மணல் கிளியருக்கு அடியில் அப்படியே இருக்கும். இரண்டு நாள் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, விளிம்புகளை விட்டுவிட்டு, வட்டமாக அல்லாமல் காற்று ஓடுகிற திசையில் தேயுங்கள். வழவழப்பானதும் சாம்பலை மறுபடி மெல்லிதாக இரண்டு தடவை. தேய்க்க ஆரம்பிப்பதற்கு முன் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பிட்டோ குழாயைக் கழற்றி ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இதுவரை நான் செய்த நாலு மிக்-21-லும் ஒடிந்தது அதுதான்.